‘வ’ எழுத்தின் வயிற்றிலிருந்து விழுந்த துண்டு

அன்புள்ள சொந்தங்களே, நண்பர்களே,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, எங்கள் குடும்பத்தின் பழைய சூப்பர் 8 ரீல்களில் (8 மி.மீ. அகல வீட்டு சினிமா ஃபிலிம்) பதின்மூன்றாவதும் கம்ப்யூட்டரில் ஏறி முடிந்தது. தூக்கம் வரவில்லை. அது வரும்வரை உட்கார்ந்திருப்பதற்கு இதையாவது எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லிக் கடையில் கொடுத்த ரீல் எந்தக் கதியில் திரும்பி வந்தது, அப்புறம் பெரியம்மா எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி கிளற வேண்டாம். “இனி ஒரு ரீலையும் வெளியே கொடுக்க மாட்டேன், ஃபிலிமை ஏற்றும் மிஷினை வீட்டிலேயே செய்கிறேன்” என்று நான் வீராப்பாகச் சொன்னபோது சிரிக்காமல் இருந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். சிரித்தவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. ஓடாத சூப்பர் 8 புரொஜெக்டரைக் காயலான் கடை விலைக்குக் கொடுத்தவருக்கு. உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தாராக ஒட்டிக்கிடந்தது, அதைச் சுரண்டவே எனக்கு இரண்டு நாள். மூடிவிட்ட தன் ஸ்டூடியோவிலிருந்து 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸை (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட உதவுவது) துடைத்துக் கையில் வைத்த பெரியவருக்கு. அந்த லென்ஸைத் திருப்பி மாட்ட வளையம் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கு. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் காந்தம் சென்சாரைத் தாண்ட வேண்டும், தாண்டியதும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் கேமரா ஒரு படம் எடுக்க வேண்டும். இதற்கு நிரல் எழுதிவிட்டு, “அத்தை, இன்னொரு தடவை கேபிளைப் பிடுங்கினா நான் வரவே மாட்டேன்” என்று மிரட்டிய மருமகனுக்கு. கினோகிராஃப் என்ற, ஃபிலிமை ஸ்கேன் செய்யும் தன் கருவியின் வரைபடங்களைப் பொதுவில் போட்டுவைத்த, நான் பார்த்தேயிராத மேத்யூ எப்ளருக்கு. சாப்பாட்டு மேசையை இரண்டு மாதம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்ட என் வீட்டுக்காரருக்கு.

இவர்கள் இல்லாமல் மிஷின் இல்லை. ஆனால் இவ்வளவும் கூடிவந்த பிறகும் படம் தேறவில்லை. காரணம் வெளிச்சம்.

சூப்பர் 8-இல் ஒரு ஃபிரேம், அதாவது ஃபிலிமில் உள்ள ஒரு தனிப் படத்தின் அகலம் 6 மி.மீ. கூட இல்லை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. புரொஜெக்டரின் பழைய பல்பைப் போட்டு ஒரு ஃபிரேமை நிறுத்திவைத்தால் ஃபிலிம் பொசுங்கிவிடும். அதனால் எல்.இ.டி. மாட்டினோம். மாட்டினால் நடுவில் நிலா மாதிரி ஒரு வட்டம், நான்கு மூலையும் இருட்டு. டிரேசிங் பேப்பர் வைத்துப் பார்த்தேன். காகிதத்தின் நார் பாட்டி முகத்தில் சுருக்கம்போல விழுந்தது. தயிர் டப்பா மூடி, பட்டர் பேப்பர், டியூப் லைட் கவர் என்று வீட்டில் வெள்ளையாக இருந்ததையெல்லாம் வெட்டிப் பார்த்தாயிற்று. சரி, இவ்வளவுதான் நமக்கு விதித்தது என்று கைவிடும் நிலைமை.

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் வேறு வேலையாகப் போனேன். ஒரு பெயர்ப்பலகைக் கடை வாசலில், எரிகிற எழுத்து ஒன்றை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு தம்பி. எழுத்து முழுக்க ஒரே சீராக வெளிச்சம். நான் நின்றுவிட்டேன். இரண்டு மாதமாக நான் தேடும் வெளிச்சம் திருச்சியில் பாதிக் கடைகளின் நெற்றியில் எரிந்துகொண்டிருக்கிறது!

விஷயத்தைச் சொன்னேன். ஃபிலிம் என்றதும் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் “பல்பு தெரியக் கூடாது, வெளிச்சம் மட்டும் வரணும், அவ்வளவுதானே அக்கா?” என்றார். அவ்வளவுதான். அவர் தொழிலே அதுதானே. குப்பைக் கூடையில் கையை விட்டு இரண்டு அக்ரிலிக் துண்டுகளை எடுத்தார். செல்போன் டார்ச்சைப் போட்டு முதல் துண்டைப் பிடித்தார். “இதுல பல்பு புள்ளியாத் தெரியுது பாருங்க.” அடுத்ததைப் பிடித்தார். புள்ளி காணாமல் போய், துண்டு முழுக்கப் பாலாக ஒளி. ஒரு துணிக்கடைப் பலகைக்காக வெட்டிய ‘வ’ எழுத்தின் நடுவிலிருந்து விழுந்த துண்டு அது. தீப்பெட்டி இரண்டைச் சேர்த்துவைத்த அளவு, 3 மி.மீ. கனம்.

“பல்போட ஒட்டி வைக்காதீங்க. ஒரு இஞ்ச் தள்ளி வைங்க. நாங்களும் பெட்டிக்குள்ள இடம் விட்டுத்தான் மாட்டுவோம்” என்றார். அரம் எடுத்து ஓரத்தைத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பணத்தை நீட்டினேன். “குப்பைக்குப் போறதுக்கு என்னக்கா காசு?”

அன்று மாலையே வைத்துப் பார்த்தோம். மூலைக்கு மூலை வெளிச்சம். பரவலான ஒளி என்பதால் ஃபிலிம் முதுகில் இருந்த கீறல்களும் பாதி மறைந்துவிட்டன. ஒரு 50 அடி ரீலில் சுமார் 3600 ஃபிரேம், ஓட்டினால் மூன்று நிமிடம் இருபது விநாடி. எங்கள் மிஷினுக்கு ஒரு ஃபிரேமுக்கு இரண்டு விநாடி, ஆக ரீலுக்கு இரண்டு மணி நேரம். டிக், டிக் என்று அது நகர்வதைப் பார்த்தபடி நானும் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக மனசு வரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. பெரியம்மாவுக்குக் காட்டுவதற்கு முந்தைய நாள், நன்றி சொல்லலாம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் எடுத்த ரீல். பினாங்குக்குத் திரும்பும் பெரியப்பாவை வழியனுப்பப் பாட்டி வந்திருக்கிறார். பொட்டலத்தை நீட்டுகிறார், அப்புறம் அதே கையைத் தூக்கிக் காட்டுகிறார். இரண்டும் இடது கை. பாட்டிக்கு இடது கைப் பழக்கமா, யாரும் சொன்னதில்லையே, பெரியம்மாவிடம் கேட்க வேண்டும் என்று நான் நினைத்துவைத்திருந்தேன்.

தம்பி பாட்டியைப் பார்க்கவில்லை. பாட்டி தலைக்குப் பின்னால், ஃபோகஸ் இல்லாமல் பாதி தெரிந்த காப்பிக் கடைப் பலகையைப் பார்த்தார். “நிறுத்துங்கக்கா. ‘பி’யோட சுழி இடது பக்கம் இருக்கு. படம் திரும்பியிருக்கு.”

கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர்களைத் திருப்பி வெட்டி வெட்டிப் பழகிய கண். நாங்கள் கேமராவை வைத்தது புரொஜெக்டர் லென்ஸ் இருந்த பக்கம். அங்கிருந்து பார்த்தால் படம் தலைகீழாகவும் இருக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியும் இருக்கும். தலைகீழை நிமிர்த்தினோம். மற்றதை நானும் கவனிக்கவில்லை, நிரல் எழுதியவனும் கவனிக்கவில்லை. அங்கேயே ஒரு பொத்தானை அழுத்திப் படத்தைத் திருப்பினேன். பாட்டி வலது கையால் பொட்டலத்தை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்தபோது பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. மறுபடி போடு என்று மட்டும் சொன்னார். ஆறு தடவை போட்டேன். ஒரு விளக்குப் பலகைத் துண்டும் ஒரு ‘பி’யின் சுழியும் இல்லாவிட்டால், என் பாட்டியை ஊருக்கெல்லாம் இடது கைக்காரியாக்கி வைத்திருப்பேன்.

ஒன்பதாவது ரீல் மட்டும் பாக்கி. டப்பாவைத் திறந்தாலே வினிகர் வாடை, ஃபிலிம் கெட்டுப்போவதன் அடையாளம். ஃபிலிம் சுருங்கி, மிஷினின் பல் அதன் துளையில் உட்காராமல் நழுவுகிறது. அதையும் விடப்போவதில்லை. மிஷினைப் பிரிக்கவும் போவதில்லை. (வீட்டுக்காரர் கவனிக்க.) உங்கள் வீட்டுப் பரணில் இந்த அளவு ரீல் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். காசு வேண்டாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து டிக், டிக் கேட்க வேண்டும்.

அந்தத் தம்பி தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பிரஷ் பிடித்துத்தான் தொழில் கற்றுக்கொண்டாராம். அந்தக் காப்பிக் கடைப் பலகை தெரியும் ஃபிரேமை மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எழுத்து நேராக இருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்துவிட்டேன்.