அக்குவாவின் பிள்ளை

குமாசி, கானா
புதன்கிழமை இரவு

அன்புள்ள செல்விக்கு,

நீ போனை வைத்து இரண்டு வாரம் ஆகிறது. அப்பா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மரப்பொம்மை எனக்குத்தானே?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

அதை அஹ்வியாவில் வாங்கினோம். குமாசியிலிருந்து மாம்போங் போகும் சாலையில் இருக்கிற ஊர். மரம் செதுக்குகிறவர்களுக்குப் பேர்போனது. கடைக்காரர் நூறு வருடப் பழசு என்று சத்தியம் செய்தார். முகர்ந்து பார்த்தால் ஷூ பாலிஷ் வாசனை! ஆனாலும் எனக்கு விட்டுவர மனமில்லை.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். தலைதான் பெரிது, தோசைக்கல் போல வட்டமாக, தட்டையாக. அதில் பாதிக்கு மேல் நெற்றி. கண்ணும் மூக்கும் வாயும் அடியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. கழுத்தில் அடுக்கடுக்காக மடிப்பு. கொழுத்த கழுத்து இங்கே அழகுக்கும் செழிப்புக்கும் அடையாளம். கைகள் பக்கவாட்டில் நீட்டிய இரண்டு குச்சிகள். கால் கிடையாது. முதுகில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டால் தலை மட்டும் எட்டிப் பார்க்கும், இங்கே பெண்கள் கைக்குழந்தையைக் கட்டிக்கொள்வது போலவே.

பெயர் அக்குவாபா. அக்குவாவின் பிள்ளை என்று பொருள். இங்குள்ள அகான் இன மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள். ஐ.நா.வில் இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைப் பிள்ளை. அக்குவா புதன்கிழமைப் பெண். நீயும் புதன்தான். அதற்காக வாங்கவில்லை, நம்பு.

பிள்ளையில்லாத அக்குவா ஒரு பூசாரியிடம் போனாளாம். மரத்தில் ஒரு குழந்தை செய்வித்து, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். அவளும் முதுகில் கட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். "பார், அக்குவாவின் பிள்ளை!" என்று ஊரே சிரித்தது. பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்வழியில் குலம் தொடரும் மக்கள் என்பதால் பெண் என்றால் இரட்டிப்பு மகிழ்ச்சி. இந்தப் பொம்மைகளும் ஏறக்குறைய எல்லாமே பெண்கள்தான். கருவுற்றவள் அவலட்சணமானதைப் பார்க்கக் கூடாது, இந்த முகத்தைப் பார்த்தால் பிள்ளை அழகாகப் பிறக்கும் என்றும் நம்பினார்கள். பிறந்ததும் பொம்மையைக் கோயிலில் வைத்துவிடுவார்கள், அல்லது பிள்ளைக்கே விளையாடக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அதிகம் வாங்குவது என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள்.

பக்கத்து வீட்டு அம்மா இந்தக் கதையைச் சொன்னபோது, குழந்தை பிறந்த இடத்தில் என் மனம் நிற்கவில்லை. அந்தப் பெயரே கேலியில் பிறந்த பெயர், செல்வி. சிரித்த கூட்டத்தில் அவளைப் பெற்றவளும் இருந்திருப்பாளோ?

போன தீபாவளிக்குப் பெரியம்மா முன்னால், "இவள் வீட்டில் தொட்டில் ஆட நாளாகும் போலிருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தது நான்தான். நீ எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு வந்து பார்த்தேன். கழுவுவதற்கு அங்கே ஒரு தம்ளர்கூட இல்லை. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

பொம்மை இங்கே என் அலமாரியில்தான் நிற்கும். அப்பா துடைக்கும்போதெல்லாம் துணியில் கறுப்பு ஒட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். உன் வேலையைப் பற்றியும் மாப்பிள்ளையின் முதுகுவலியைப் பற்றியும் மட்டும் கேட்பேன். எடு.

அம்மா