மாப்ளைக்கு: கிணறு, நோட்டு, கதை

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பொழுதோட கட்டுத்தரை வரைக்கும் தானே நடந்து போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு இந்த வருசமும் நீ வரவில்லை. போனில் நீ சொன்னதுதான் மனதிலேயே நிற்கிறது. "ஷிப்மென்ட் போகட்டும் மச்சா, மனசு காலியாகட்டும், அப்புறம் கதை எழுதறேன்." அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

மனசு தானாகக் காலியாகும் நாள் வராது மாப்ள. ஒரு ஷிப்மென்ட் போனால் அடுத்த ஆர்டருக்கு சாம்பிள் கேட்பார்கள். அதை அனுப்பினால் ஜிஎஸ்டி தேதி வந்து நிற்கும். அதற்குள் ஒறம்பரையில் ஒரு கல்யாணம், மொய் எவ்வளவு வைப்பது என்ற யோசனை. இத்தனை வேலை இருப்பதால் உனக்கு எழுத வரவில்லை என்று நான் நம்பவில்லை. காலேஜ் ஹாஸ்டலில் பரீட்சைக்கு நடுவேதானே சோமனூர்த் தறிக்காரரைப் பற்றி அந்தக் கதையை எழுதினாய்? இன்றைக்கும் அதன் முதல் பக்கம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது உன்னை அடைத்துக்கொண்டிருப்பவை, என்ன செய்வதென்று முடிவு பண்ணாமல் விட்ட காரியங்கள்.

புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் செய்த ஆய்வை 1927-ல் வெளியிட்டார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் அதிகம் நினைவில் நிற்கிறது என்றார். பின்னால் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே விடை கிடைத்துவிடவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. நிறைவேறாத காரியம் ஒன்று மனதில் கிடந்தால், அது கையில் இருக்கிற வேலையில் குறுக்கிடுகிறது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமாகத் தீர்மானித்துவிட்டால் அந்தக் குறுக்கீடு நின்றுவிடுகிறது. காரியம் முடிந்திருக்க வேண்டியதே இல்லை! நீ ஷிப்மென்ட் போகட்டும் என்று காத்திருக்கிறாயே, அதற்கு அவசியமே இல்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து பார்த்தார்கள், 2018-ல் வெளிவந்தது. படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். சிலர் இனிச் செய்ய வேண்டியதை, மற்றவர்கள் செய்து முடித்ததை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். ஆகவே ராத்திரி ஒரு நோட்டு எடு. "ஸ்கூல் ஃபீஸ்" என்று மொட்டையாக எழுதாதே, "ஸ்கூல் ஃபீஸ், செவ்வாய்க்கிழமை, பேங்குக்குப் போகும்போது" என்று எழுது. மொய்யா, எவ்வளவு என்று தொகையையே எழுதிவிடு. காலையில் போனைத் தொடும் முன் கதைக்கு உட்கார். கூடுமானால் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

ஆனால் நோட்டில் அடங்காத ஒன்று உன்னிடம் இருக்கிறது. அந்தக் கிணறு.

பாகம் பிரித்ததிலிருந்து, கிணற்றுத் தண்ணீரை யார் எப்போது இறைப்பது என்ற முறைத்தண்ணித் தகராறில் நீயும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மோட்டார் ரூம் பூட்டை அவர் மாற்றிவிட்டார் என்று நீ சொன்னபோது உன் குரலே வேறாக இருந்தது. இதையும் ஷிப்மென்ட், ஜிஎஸ்டியோடு சேர்த்துக் குப்பை என்று ஒதுக்கப் பார்க்கிறாய். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்திரத்தில் முறை எப்படி எழுதியிருக்கிறது, வக்கீலை எப்போது பார்ப்பது, இதெல்லாம் நோட்டுக்குப் போகட்டும், தேதி போட்டு. சுரைப்புருடையை முதுகில் கட்டி அதே கிணற்றில் உனக்கு நீச்சல் பழக்கியது அந்த அண்ணன்தானே? நீ முங்கி எழும்போதெல்லாம் படியில் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாரே. அவரே இன்று பூட்டை மாற்றுகிறார் என்றால் அந்த மனுசனுக்குள் என்ன நடந்திருக்கும்? நீ யோசித்துப் பார்த்தாயா? உன் பக்கத்து நியாயத்தை ஆயிரம் தடவை மனதுக்குள் வாதாடிவிட்டாய். அவர் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுது. கோபம் போவதற்காகச் சொல்லவில்லை, போகாமலும் இருக்கலாம். இத்தனை வருசமாக உனக்கு வராமல் இருந்த கதை அங்கேதான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தேடி வேறு எங்கும் போகாதே. நீ அந்தக் கிணற்றடியில் வளர்ந்தவன், வேறு யாராலும் அதை எழுத முடியாது.

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வருவாயல்லவா? எழுதினதை எடுத்துக்கொண்டு வா. நாலு பக்கம் இருந்தாலும் சரி, பாதியில் நின்றிருந்தாலும் சரி, சத்தமாகப் படித்துக் காட்டு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். அண்ணனிடம் நான் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா, வேண்டாமா? இந்த வாரத்துக்குள் ஒரு பதில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்