செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: எங்கள் பிள்ளைகளின் குளிசைகள்

அறிவுசார் குறைபாடோ ஓட்டிசமோ உள்ள பிள்ளைகளை இங்கிலாந்தில் வளர்க்கும் எங்கள் தமிழ்ப் பெற்றோருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழமையான விஷயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. தைப்பொங்கல் ஒன்றுகூடலுக்கு இந்த முறை மண்டபத்தோடு சத்தமில்லாத ஒரு சின்ன அறையையும் எடுத்தோம், அதனால் போன வருடம் பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் இந்த வருடம் சாப்பாடு முடியும்வரை இருந்தார்கள். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மற்றபடி இந்த வருடம் முழுக்க நாங்கள் கதைத்தது ஒரே விஷயம்தான், குளிசை. மாசி மாதக் கூட்டத்தில் ஒரு அம்மா தன் மகன் பதினொரு வருடமாக ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து போடுகிறார் என்று சொன்னார். எதற்காக என்று கேட்டோம். "பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது தந்தது, பிறகு மாதாமாதம் பாமசியில் வந்துகொண்டே இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். நானும்தான். என் மகனின் குளிசையைத் தொடங்கியவர் யார் என்று எனக்குத் தெரியும், அதை எப்போது நிறுத்துவது என்று மட்டும் நான் ஒருவரிடமும் கேட்டதே இல்லை.

இது எங்கள் குடும்பங்களின் பிரச்சினை மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015இல் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து வெளியிட்ட கணக்கின்படி, இங்கிலாந்தில் ஒரு சராசரி நாளில் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களில் 30,000 முதல் 35,000 பேர்வரை, அந்த மருந்துக்குரிய நோய் எதுவும் பதிவில் இல்லாமலே, மனநோய்க்கான மருந்தோ மனச்சோர்வுக்கான மருந்தோ இரண்டுமோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே வருடம் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் ஜீ.பி. (குடும்ப வைத்தியர்) பதிவுகளைப் பார்த்தபோது, மனநோய் மருந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்குக் கடுமையான மனநோய் என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இதற்குப் பிறகுதான் 2016 ஜூனில் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்., இவர்களுக்குத் தேவைக்கு அதிகமாக மருந்து கொடுப்பதை நிறுத்த 'ஸ்டோம்ப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சிறுவர்களுக்கான 'ஸ்டாம்ப்' பிறகு வந்தது. இவ்வளவு வருடமாகியும் எங்கள் கூட்டத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் இரண்டே பேர்.

எங்கள் ஆட்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது, அது சொல்லில் வருகிறது. பிள்ளை அந்தரப்பட்டாலும் குழப்படி என்கிறோம், தலையைச் சுவரில் இடித்தாலும் குழப்படி என்கிறோம், பசியில் கத்தினாலும் குழப்படி என்கிறோம். மொழிபெயர்ப்பாளர் அதை 'அக்ரெசிவ்', அதாவது ஆட்களைத் தாக்கும் குணம், என்று சொல்ல, டொக்டர் அப்படியே எழுத, அந்த ஒரு சொல் பிள்ளையின் பதிவில் வருடக்கணக்காக இருந்துவிடுகிறது. ஒரு உறுப்பினரின் மகள் ஆறு மாதமாகத் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டாள், மருந்தின் அளவு இரண்டு தடவை கூடியது. கடைசியில் பல் வைத்தியர் பார்த்தபோது கடைவாய்ப் பல் உள்ளே பழுத்திருந்தது. அவளுக்குப் பேச்சு வராது. கன்னத்தைக் காட்டி அவள் சொன்னதை ஒருவரும் வாசிக்கவில்லை. எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் இதை எழுதும்போது எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது.

பல், காது, மலச்சிக்கல், மாதவிடாய் வலி, நித்திரைக் குறைவு, வீடு அல்லது பராமரிப்பாளர் மாறியது, இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் குளிசைக் கதை வரவேண்டும். எந்தச் சிகிச்சையை எப்படிக் கொடுக்கலாம் என்று வைத்தியர்களுக்குச் சொல்லும் 'நைஸ்' அமைப்பின் 2015 வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: மற்ற வழிகளில் பலன் கிடைக்காதபோது அல்லது ஆபத்து மிகக் கடுமையாக இருக்கும்போதுதான் இந்த மருந்துகள், அதுவும் மற்ற உதவிகளோடு சேர்த்து, மூன்று நான்கு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், ஆறு வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். ஆறு வாரம் எங்கே, பதினொரு வருடம் எங்கே. இதற்கிடையில் பிள்ளைக்கு உடம்பு ஊதுகிறது, பகலெல்லாம் தூக்கம், சீனி வியாதி வரும் அபாயம் கூடுகிறது, சிலருக்குக் கை வாய் தானாக அசையத் தொடங்குகிறது.

இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். வீட்டில் நீங்களாகக் குளிசையை நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ வேண்டாம். வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாக, ஒரு நேரத்தில் ஒரு மருந்து என்றுதான் குறைக்க வேண்டும், திடீரென்று விட்டால் நிலைமை மோசமாகலாம். வலிப்பு மருந்து வேறு விஷயம். உண்மையில் மனநோயோ மனச்சோர்வோ உள்ள பிள்ளைக்கு மருந்து வேண்டியதுதான், அதற்காக எந்தத் தாயும் தலைகுனிய வேண்டியதில்லை.

சித்திரையிலிருந்து நாங்கள் செய்தது, கொப்பி எழுதுவது. என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, எத்தனை மணி, அவ்வளவுதான். தமிழில் எழுதினால் போதும், எங்கள் தொண்டர்கள் ஆங்கிலத்தில் மாற்றித் தருவார்கள். 14 வயதிலிருந்து அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஜீ.பி.யில் வருடாந்த உடல்நலப் பரிசோதனை உண்டு, பிள்ளையின் பெயர் அந்தப் பதிவில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஓட்டிசம் மட்டும் உள்ளவர்கள் 'மெடிகேஷன் ரிவியூ' (மருந்துகளைத் திரும்பப் பார்ப்பது) என்று தனியாகக் கேட்க வேண்டும். கொப்பியோடு போனவர்களில் மூன்று பேருக்கு இப்போது மருந்து குறைந்து வருகிறது, ஒருவருக்குக் குறைக்கத் தொடங்கியதும் நித்திரை குழம்பியதால் பழைய அளவுக்கே திரும்பினார்கள். அவருடைய அம்மா தோற்றுப்போனதாக அழுதார். இல்லை அக்கா, அவசரப்படாமல் திரும்பப் பார்க்கலாம் என்றுதான் நான் சொன்னேன்.

16 வயதுக்குப் பிறகு பிள்ளையால் தானே முடிவெடுக்க முடியுமா என்பதுதான் சட்டத்தின் முதல் கேள்வி. அதனால் பிள்ளையிடமும் கேட்கப் பழக வேண்டும். ஒலிவர் மக்கோவன் என்ற ஓட்டிசம் உள்ள இளைஞர் 2016 நவம்பரில் பிரிஸ்டலில் 18 வயதில் இறந்தார். மனநோய் மருந்து வேண்டாம் என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள், கொடுக்கப்பட்டது. அவருடைய அம்மா விடாமல் போராடியதால்தான் 2022 சட்டத்தின்படி சுகாதார, பராமரிப்புப் பணியாளர்களுக்கு அறிவுசார் குறைபாடு, ஓட்டிசம் பற்றிய பயிற்சி கட்டாயமானது, அந்தப் பயிற்சிக்கு மகனின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு விஷயம், கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்திலும் இதைச் சொல்லியிருக்கிறோம். இரவு மூன்று மணிக்கு எழும்பி நிற்கும் பிள்ளையோடு தனியாக இருக்கும் தாயிடம் போய் மருந்தைக் குறை என்று மட்டும் சொல்வது அநியாயம். குளிசை குறையும்போது ஆள் உதவி கூட வேண்டும். ஓய்வு நேரப் பராமரிப்பு, பேச்சுப் பயிற்சி, நடத்தை ஆதரவுக் குழு, எல்லாவற்றுக்கும் காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டு போகிறது. பதில் இன்னும் வரவில்லை, திரும்ப எழுதுவோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு மருந்தாளர் வருவதாகச் சம்மதித்திருக்கிறார். பிள்ளை போடும் எல்லா மருந்தின் பெட்டிகளையும், விட்டமின் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஜீ.பி.யிடம் தனியாகப் போகப் பயப்படுபவர்கள் எனக்குச் சொல்லுங்கள், கூட ஒருவர் வருவோம்.

செயலாளர்