வேலூரில் படித்த கராச்சி டாக்டர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு, படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் ஒற்றை ஆளாக அலைகிறாயே, அதுதான் கவலை. எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மறுபடி படிக்க முடிகிறது. இப்போது மனதில் இருப்பவர் ரூத் ஃபாவ். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்!

1929இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்து, 1957இல் கன்னியர் சபையில் சேர்ந்தார். 1960இல் இந்தியாவுக்குக் கிளம்பியவர் விசா சிக்கலில் கராச்சியில் தங்க வேண்டியதாயிற்று. அங்கே மெக்லியோட் சாலையை ஒட்டியிருந்த தொழுநோயாளிகள் குடியிருப்புக்குப் போனார். அவர் வயதையொத்த ஒருவர் கையையும் காலையும் ஊன்றி, சேற்றில் தவழ்ந்தபடி மருந்தகத்துக்குள் வந்தாராம், ஏதோ அதுதான் வழக்கம் என்பதுபோல. அந்தச் சகஜத்தைத்தான் ரூத்தால் தாங்க முடியவில்லை. கராச்சியிலேயே தங்கிவிட்டார். 1961இல் இந்தியாவுக்கு வந்தார், அதுவும் நம் வேலூருக்கு! தொழுநோய் சிகிச்சை கற்றுக்கொண்டு கராச்சிக்கே திரும்பிவிட்டார்.

எல்லோரும் அவருடைய கருணையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அவர் வேலை செய்த விதம் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இந்த நோய் நரம்பைப் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியாததா? உணர்ச்சி போன காலில் முள் குத்தினாலும் தெரியாது, புண் புரையோடி விரல் போய்விடும். வெறும் தேமலாக இருக்கும்போதே ஆளைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் கைகால் தப்பும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா? உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து மலைக் கிராமங்கள் வரை அனுப்பினார், தானும் போனார். சொந்தக்காரர்களே குகையிலும் மாட்டுக் கொட்டிலிலும் ஒளித்து வைத்திருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார். பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக 1996இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அவருடைய சபையில் கன்னியருக்குத் தனி உடுப்பு கிடையாது. சல்வார் கமீஸும் துப்பட்டாவுமாகவே நடமாடினார். 2017 ஆகஸ்டில் காலமானபோது பாகிஸ்தான் அரசு தேசியக் கொடி போர்த்தி, முழு மரியாதையோடு அடக்கம் செய்தது.

சரி, இவ்வளவும் எழுதியது உனக்காகத்தான். தெருவுக்கு ஒருவரையாவது சேர்த்துக்கொள். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டவும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவும் கற்றுக்கொடு. முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள். எப்போது வரட்டும் என்று மட்டும் பதில் போடு.

அன்புடன்,
உன் தோழி