திருமணப் படங்களுக்கு நியாயமான கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரங்களில் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டால், ஒளிப்படக்காரரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'ஒரு நாளைக்கு எவ்வளவு?' என்பதுதான். அந்த ஒரு நாள் என்பது முந்தைய நாள் மாலை வரவேற்பில் தொடங்கி, மறுநாள் அதிகாலை முகூர்த்தம் முடிந்து, பந்தியில் கடைசி இலை எடுக்கப்படும் வரை நீள்வதையும், அதன்பின் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, நிறம் திருத்தி, ஆல்பம் வடிவமைத்து அச்சுக்கு அனுப்பப் பல நாட்கள் ஆவதையும் பலர் கணக்கில் கொள்வதில்லை.

ஒளிப்படக்காரர்களான எங்கள் தரப்பிலும் குறை உண்டு. பக்கத்துக் கடைக்காரரைவிட இரண்டாயிரம் குறைத்துச் சொல்வதே கட்டணம் குறிக்கும் முறை என்றாகிவிட்டது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆனால் கடை வாடகையும் கேமராக் கடன் தவணையும் நிற்பதில்லை. ஆகவே கருவிகளின் தேய்மானம் உட்பட ஆண்டுச் செலவு முழுவதையும், உறுதியாகக் கிடைக்கக்கூடிய திருமணங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதன்மேல் உதவியாளர் கூலி, ஆல்பச் செலவு, தம் உழைப்புக்கான ஊதியம் ஆகியவற்றைச் சேர்ப்பதே முறை. வள்ளிமலைக் கோயிலில் தாலி கட்டிவிட்டு மண்டபத்தில் விருந்து வைப்போருக்குக் கூடுதலாக ஓர் ஆள் தேவைப்படலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

திருமண வீட்டாரும் ஆல்பத்தில் எத்தனை பக்கம், வீடியோ உண்டா, எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், தேதி மாறினால் முன்பணம் என்னாகும் என்பவற்றை ஒரு துண்டுத்தாளிலாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் கடைகள் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்பதால், 18 விழுக்காடு வரி கட்டணத்தில் அடங்கியதா, தனியா என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இங்ஙனம்,
திருமண ஒளிப்படக்காரர் ஒருவர்,
காட்பாடி.