கணப்பை விட்டுட்டீங்களே சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல இங்கிலாந்து லிங்கன்ஷயர்ல இருக்கிற டாட்டர்ஷல் கோட்டையப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், போட்டோ எல்லாம் அருமை. ஆனா எதிரிக்குப் பயந்து கட்டின கோட்டைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது மட்டும் எனக்கு ஒத்துவரல. 13ஆம் நூற்றாண்டுல அங்க இருந்த கல் கோட்டை வேற. இப்ப நிக்கிற செங்கல் கோபுரத்த 1430கள், 40கள்ல கட்டினவர் ரால்ஃப் கிராம்வெல், ஆறாம் ஹென்றி ராஜாவோட பொக்கிஷதாரர். அந்தக் காலத்துல இங்கிலாந்துல செங்கல்ங்கிறதே பணக்காரச் சமாச்சாரம், அதோட அவ்ளோ பெரிய பெரிய ஜன்னல் வேற, சண்டைக்குன்னு கட்டுறவன் அப்படி வைப்பானா? தன்னோட அந்தஸ்து ஊருக்கே தெரியணும்னு கட்டினதுதான்.

உள்ள இருக்கிற கல் கணப்புகள்ல, அதாவது குளிர்காய நெருப்பு மூட்டுற சுவர் அடுப்புகள்ல, தன் பதவிக்கு அடையாளமா பணப்பைய செதுக்கி வச்சிருக்கார். கட்டுரைல அந்தக் கணப்பப் பத்தி ஒரு வரி கூட இல்லையேன்னு எனக்கு ரொம்ப வருத்தமாயிடுச்சு, ஏன்னா 1911ல கோட்டைய வித்தப்ப அந்தக் கணப்புகளப் பேத்து எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பறதுக்காக லண்டனுக்குக் கொண்டு போயிட்டாங்க, அப்பதான் கர்சன் பிரபு சொந்தக் காசுல கோட்டைய வாங்கி, கணப்புகளையும் தேடிப் பிடிச்சு மீட்டு 1912ல அந்தக் கிராமத்துக்கே திரும்பக் கொண்டு வந்தார். அந்தக் களேபரத்துக்கு அப்புறம்தான் 1913ல அங்க பழைய கட்டிடங்களப் பாதுகாக்க பலமான சட்டம் வந்துச்சு.

ஆமா, நம்ம வைஸ்ராயா இருந்த அதே கர்சன்தான். 1905ல வங்காளத்தப் பிரிச்சவர்னு நம்ம மனசுல இருக்கிற கோபம் நியாயம்தான், எனக்கும் உண்டு. ஆனா இங்க பழைய நினைவுச் சின்னங்களக் காப்பாத்தறதுக்கும் தொல்பொருள் வியாபாரத்தக் கட்டுப்படுத்தறதுக்கும் 1904ல சட்டம் கொண்டு வந்ததும் அவர்தான். இங்க சட்டம் போட்டு ஏழு வருஷம் கழிச்சு அவர் சொந்த நாட்டுலயே ஒரு கோட்டைய இப்படி ஓடி ஓடி மீட்க வேண்டியிருந்துச்சு, அதக் கட்டுரைல சொல்லியிருந்தா நம்ம வாசகர்களுக்கு எவ்ளோ நெருக்கமா இருந்திருக்கும்!

கோபுரத்துக்குக் கூரை போட்டு, தளம் எல்லாம் சரி பண்ணி வச்சிருந்தார், 1925ல அவர் இறந்ததும் கோட்டை, பழைய இடங்களப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட்ங்கிற அமைப்புக்குப் போயிடுச்சு. இன்னிக்கு நாம உள்ள ஏறிப் பாக்க முடியுதுன்னா அதனாலதான்.

அடுத்த இதழ்ல அந்தப் பணப்பை செதுக்கின கணப்போட போட்டோ ஒண்ணாவது போடுங்க சார், ப்ளீஸ்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி, திருச்சி