ஒய் பிளாக் தேறியது, வார்ப்பு தேறவில்லை: எஸ்.ஜி. 400/15 பேரிங் ஹவுசிங் லாட் குறித்த புகார்

அனுப்புநர்: பரிசோதனைப் பிரிவு, பம்ப் உதிரிபாகத் தொழிற்கூடம், கோயம்புத்தூர்
பெறுநர்: தரக் கட்டுப்பாட்டு மேலாளர், எஸ்.ஜி. அயர்ன் ஃபவுண்டரி

ஐயா,

வணக்கம். தாங்கள் கடைசியாக அனுப்பிய பேரிங் ஹவுசிங் லாட்டை எங்களால் ஏற்க இயலாது. ஆர்டரில் கேட்டது ஐ.எஸ். 1865-ன்படி எஸ்.ஜி. 400/15 (கிராஃபைட் உருண்டைகளாக அமைந்த வார்ப்பிரும்பு; இழுவலிமை 400 மெகாபாஸ்கல், நீட்சி 15 சதவீதம்), வார்த்த நிலையிலேயே ஃபெரைட் (மென்மையான இரும்பு அமைப்பு), கடினம் 130 முதல் 180 பி.எச்.என். (பிரினெல் கடின எண்). வந்தவற்றில் ஒரு பகுதிதான் அப்படி இருக்கிறது.

கோளாறு முதலில் தெரிந்தது டிரில்லிங்கில். எம் 8 துளைக்கான 6.8 மி.மீ. டிரில் ஃப்ளாஞ்சில் (விளிம்புத் தட்டில்) முனை கருகி நின்றுவிடுகிறது. தப்பிய துளைகளில் டேப் ஒடிகிறது. ரிப் (வலுவூட்டும் மெல்லிய விலா) ஓரத்தைத் தொட்டதும் இன்செர்ட் விளிம்பு சில்லாகப் பெயர்கிறது. வேகம், ஃபீட், கூலன்ட் எதுவும் மாறவில்லை. முந்தைய லாட்டுகள் இதே புரோகிராமில் ஓடியவைதான்.

வார்ப்பை அறுத்துப் பார்த்தோம். 40 மி.மீ. தடிமனுள்ள ஹப்பில் (நடுப்பகுதியில்) 158 பி.எச்.என். 12 மி.மீ. ஃப்ளாஞ்சில் 228. ரிப்பின் 5 மி.மீ. வெட்டுமுகத்தில் பிரினெல் சோதனையின் 10 மி.மீ. குண்டை அழுத்த இடம் போதாது என்பதால், சிறிய வைர முனையால் அழுத்தும் விக்கர்ஸ் முறையில் எடுத்தோம். நுனியில் 390 காட்டியது. 2 சதவீத நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில்) அரித்து 100 மடங்கில் பார்த்தபோது ஹப்பில் கிராஃபைட் உருண்டைகளைச் சுற்றி நல்ல ஃபெரைட். ஃப்ளாஞ்சில் பெரும்பகுதி பியர்லைட் (ஃபெரைட்டைவிடக் கடினமான அடுக்கு அமைப்பு). ரிப் நுனியில் உருண்டைகளுக்கு நடுவே கருக்காமல் வெளுத்து நிற்கும் கார்பைடு (இரும்பும் கார்பனும் சேர்ந்த மிகக் கடினமான சேர்மம்) வலை.

தங்கள் சோதனைச் சான்றிதழ் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அதிலுள்ள இழுவலிமையும் 17 சதவீத நீட்சியும் 25 மி.மீ. ஒய் பிளாக்கில் (அதே உலோகத்தில் தனியே ஊற்றிய சோதனைக் கட்டையில்) எடுத்தவை. அந்தக் கட்டையின் உலோகம் சரி என்பதற்கு அது சாட்சி. 5 மி.மீ. ரிப் அந்த வேகத்தில் ஆறவில்லை. காற்றில் கிடந்த ஃப்ளாஞ்சும் அந்த வேகத்தில் ஆறவில்லை. ஒரே லேடில் (உருகிய உலோகத்தை ஊற்றும் கலன்) உலோகம்தான், ஆனால் ஆறிய வேகம் வேறு என்பதால் உள்ளமைப்பும் வேறு.

இங்கே இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வெப்பநிலையில் நடந்தவை. ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகச் சரியாகாது.

ரிப்பில் உள்ள கார்பைடு, உலோகம் உறையும்போதே, அதாவது சுமார் 1150 டிகிரியில் உருவானது. மெல்லிய பகுதி நொடிகளில் உறைந்துவிடும். அதற்குள் கிராஃபைட் முளைக்கப் போதுமான கருக்கள் இல்லையென்றால் கார்பன் சிமென்டைட் என்ற கார்பைடாகவே உறையும். அந்தக் கருக்களைத் தருவது இனாகுலன்ட். அதன் வீரியம் லேடிலில் நேரம் ஆக ஆகக் குறையும். கிராஃபைட்டை உருண்டையாக்கும் மக்னீசியம் ட்ரீட்மென்ட் முடிந்து 10 நிமிடத்துக்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்தால் கடைசி மோல்டுகளுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. இது ஊகமல்ல: வார்ப்பில் பொறித்துள்ள மோல்டு வரிசை எண்படி அடுக்கிப் பார்த்தோம். முதலில் ஊற்றியவற்றின் ரிப்பில் கார்பைடு இல்லை. எண் கூடக் கூடக் கார்பைடும் கூடுகிறது.

ஃப்ளாஞ்சின் பியர்லைட் வேறு கதை. அது 700 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில், திட நிலையில் தீர்மானமாவது. ஆஸ்டெனைட்டில் (சூடான நிலையின் இரும்பு அமைப்பில்) கரைந்துள்ள கார்பன் உருண்டைகளுக்கு நகர்ந்து சேர நேரம் கிடைத்தால் ஃபெரைட். கிடைக்காவிட்டால் இருந்த இடத்திலேயே பியர்லைட். மோல்டை அதற்கு முன்பே உடைத்துச் சிவந்த வார்ப்பைத் தரையில் தள்ளினால் அந்த நேரம் பறிபோகிறது. ஒரே ஹீட் (ஒரே முறை உருக்கிய உலோகம்), ஒரே 12 மி.மீ. ஃப்ளாஞ்ச்; ஒரு துண்டு 165, இன்னொன்று 228. ரசாயனக் கலவையால் இப்படி வர வழியில்லை. நாக்-அவுட் (மோல்டை உடைத்து வார்ப்பை எடுக்கும்) நேரம் துண்டுக்குத் துண்டு மாறியிருக்கிறது. கலவையும் முழுக்க நிரபராதி அல்ல. சான்றிதழில் மாங்கனீஸ் 0.28 சதவீதம். வார்த்த நிலையில் ஃபெரைட் வேண்டுமென்றால் 0.2-க்குள் வைப்பதே பாதுகாப்பு. ஸ்கிராப் வழியாக நுழைந்து பியர்லைட்டை வளர்க்கும் செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் சான்றிதழில் கட்டமே இல்லை.

"500/7 என்று கிரேடை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தங்கள் விற்பனைப் பிரிவு தொலைபேசியில் சொன்னது. ஃப்ளாஞ்சின் கடினத்தை வைத்துப் பார்த்தால் அது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் ரிப்பில் உள்ள கார்பைடு வலை எந்த கிரேடிலும் ஏற்கத்தக்கதல்ல. அதிர்வு வாங்கும் இந்த ஹவுசிங்கில் விரிசல் தொடங்குவது அங்கேதான். ஆகவே இந்த யோசனையை மறுக்கிறோம்.

மெஷினிங் செய்யாத வார்ப்புகளைத் திருப்பி அனுப்புகிறோம். அவற்றைத் தாங்கள் அனீல் செய்து (சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு) தரலாம். உள் இறுக்கத்தை மட்டும் தளர்த்தும் 550 டிகிரி ஸ்ட்ரெஸ் ரிலீவ் இதற்கு உதவாது. நேரடியாக 700 டிகிரியில் வைத்து எடுத்தால் பியர்லைட் சிதையும், கார்பைடு வலை அப்படியே நிற்கும். 900 முதல் 925 டிகிரியில் குறைந்தது 2 மணி நேரம் வைத்துக் கார்பைடை உடைத்த பின், ஃபர்னஸிலேயே 700-க்கு இறக்கி 2 மணி நேரம் பிடித்து, மணிக்கு 55 டிகிரிக்கு மிகாமல் 345 வரை ஆறவிட வேண்டும். நேரத்தை வார்ப்பில் பொருத்திய தெர்மோகப்பிளை வைத்துக் கணக்கிடுங்கள். குவியலின் நடுவில் உள்ளவை தாமதமாகவே சூடேறும். போர் (உட்துளை) கடைந்து முடித்த துண்டுகளை அனீல் செய்ய முடியாது. கார்பைடும் பியர்லைட்டும் சிதைந்து கிராஃபைட் வளரும்போது வார்ப்பு சற்றுப் பருக்கும். துளையின் எச் 7 அளவு (நுண்ணிய அளவு வரம்பு) நிற்காது. அவற்றுக்கு மாற்று வார்ப்புகளும், உடைந்த டூல்களுக்கும் வீணான மெஷின் நேரத்துக்கும் கிரெடிட் நோட்டும் தர வேண்டும்.

அடுத்த லாட்டிலிருந்து ஊற்றும் தாரையிலேயே 0.1 முதல் 0.2 சதவீதம் இனாகுலன்ட் சேர்த்து, ஒவ்வொரு லேடிலிலும் ட்ரீட்மென்ட் முடிந்த நேரத்தையும் கடைசி மோல்டு ஊற்றிய நேரத்தையும் பதிவு செய்யுங்கள். வார்ப்பு 600 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் நாக்-அவுட் கூடாது. ஒய் பிளாக் முடிவுகளோடு, ஒவ்வொரு லேடிலின் கடைசி மோல்டு வார்ப்பிலிருந்து ரிப், ஃப்ளாஞ்ச் இரண்டின் 100 மடங்கு நுண்படங்களும் கடின அளவும் சான்றிதழில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் வரும் லாட் வாசலிலேயே நிறுத்தப்படும்.

அறுத்து மெருகிட்ட மாதிரிகள் ஹீட் எண், மோல்டு எண்ணோடு எங்கள் ஆய்வகத்தில் உள்ளன. தங்கள் மெட்டலர்ஜிஸ்ட் வந்து நேரில் பார்க்கலாம். மாற்று வார்ப்புகள் அனுப்பும் தேதியை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பரிசோதனைப் பிரிவு